‘லைசென்ஸ் இருக்கு சார்’: வேலை ஏஜென்சிகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டு வேலை, உள்ளூர் வேலை, கான்ட்ராக்ட் வேலை என்று ஏஜென்சிகளைப் பற்றி இந்த முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்பது கேள்விகளாக்கியிருக்கிறோம். பதில் எழுதியவர்கள் தொழிலாளர் சட்டத்திலும் குடிபெயர்வு நடைமுறையிலும் பழகியவர்கள்.

கேள்வி: என் மகன் ஐ.டி.ஐ. முடித்த வெல்டர். கத்தாரில் வேலை என்று ஒருவர் 1,20,000 ரூபாய் கேட்கிறார். லைசென்ஸ் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். நம்பிக் கொடுக்கலாமா?
– எஸ்.கே., பெரம்பூர்

போட்டோவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அடுத்தவர் லைசென்ஸைப் படம் பிடித்து அனுப்புவது இந்தத் தொழிலில் ரொம்பப் பழைய வித்தை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர், 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் 10-வது பிரிவின்படி பதிவுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அதைக் கொடுப்பது வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் டெல்லியில் இருக்கும் குடிபெயர்வோர் தலைமைப் பாதுகாவலர். மாநில அரசோ மாநகராட்சியோ போலீஸோ இந்த லைசென்ஸைத் தருவதில்லை. பதிவு எண் சாய்கோடு போட்டுப் பிரித்த நீளமான எண்ணாக இருக்கும். அதற்குள் ஊர் பெயரும் ஆண்டும் வரும். விளம்பரத்திலும் அலுவலகத்திலும் அந்த எண்ணைக் கண்ணில் படும்படி போட்டிருக்க வேண்டும்.

அந்த எண்ணை எடுத்துக்கொண்டு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்துக்குப் போங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் அங்கே இருக்கிறது, பார்ப்பதற்குக் காசில்லை. எண் இருக்கிறது என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். பக்கத்தில் என்ன நிலை என்று போட்டிருக்கிறது, பாருங்கள். நடப்பில் இருக்கிறதா, காலாவதியா, நிறுத்தி வைத்ததா, ரத்தானதா? அடுத்து, பட்டியலில் உள்ள முகவரியும் போன் நம்பரும் உங்களிடம் பேசுகிறவருடையவைதானா? இங்கேதான் பெரும்பாலும் சாயம் வெளுக்கும். லைசென்ஸ் உண்மையாக இருக்கும், ஆனால் அது மும்பையிலோ கொச்சியிலோ இருக்கும் ஒரு ஏஜென்சியுடையது. உங்களிடம் பேசுகிறவர் அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் சப்-ஏஜென்ட். பதிவு பெற்ற ஏஜென்ட் சப்-ஏஜென்ட் வைத்துக்கொள்ள விதிகள் இடம் தரவில்லை. நாளைக்குச் சிக்கல் வந்தால், ‘அந்த ஆளை எங்களுக்குத் தெரியவே தெரியாது’ என்று லைசென்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். காசு வாங்கியவரிடம் லைசென்ஸே கிடையாது. எனவே அவர் கொடுத்த நம்பரை விட்டுவிட்டு, பட்டியலில் இருக்கும் நம்பருக்கு நீங்களே போன் போடுங்கள். ‘இந்தப் பெயரில் உங்களிடம் ஆள் இருக்கிறாரா? கத்தாருக்கு வெல்டர் டிமாண்ட், அதாவது ஆள் வேண்டும் என்று கம்பெனி கொடுத்த கடிதம், உங்கள் கையில் இருக்கிறதா? கம்பெனி பெயர் என்ன?’ இந்த மூன்று கேள்வி போதும்.

இனி காசு. ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு விதியில் உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 5,400 ரூபாய், ஆக மொத்தம் 35,400. உங்களிடம் கேட்பது 1,20,000. மிச்சம் 84,600 ரூபாய் எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ‘விசா காசு, மெடிக்கல், டிக்கெட்’ என்பார். கத்தார் விஷயத்தில் இந்தக் கணக்கு நிற்காது. அந்த நாட்டுக்கான வேலை விசாவுக்கு மருத்துவப் பரிசோதனை, கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் கத்தார் விசா மையத்தில் நடக்கின்றன. சென்னையிலேயே ஒன்று இருக்கிறது. அந்தச் செலவு வேலை கொடுக்கும் கம்பெனியுடையது. தொழிலாளியிடம் ஆள் எடுப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்று கத்தாரின் 2004-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் சொல்கிறது.

இவ்வளவும் சரியாக இருந்து பணம் கட்டுவது என்று முடிவெடுத்தால், ஏஜென்சியின் வங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள். ஜி-பேயில் நம்பரைப் போட்டதும் மேலே ஒரு பெயர் வரும். அது ஏஜென்சி பெயராக இல்லாமல் தனி ஆள் பெயராக வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ரசீதில் லைசென்ஸ் எண்ணும் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எடுத்த ஜி.எஸ்.டி. எண் 33 என்று தொடங்கும். துண்டுச் சீட்டில் ‘ரூ. 50,000 அட்வான்ஸ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குப் பெயர் ரசீது இல்லை.

கேள்வி: டூரிஸ்ட் விசாவில் ஓமன் போய், அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். என் தம்பி ஒன்பதாவது வரை படித்தவன். போகலாமா?
– ஜெ.ஆர்., வியாசர்பாடி

கூடாது. பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ‘இ.சி.ஆர்.’ வகை, அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படுவது. அந்தப் பாஸ்போர்ட்டோடு 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, புறப்படும் முன் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, கத்தார், ஓமன், குவைத், பஹ்ரைன், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, ஈராக், ஜோர்டான், லெபனான், சிரியா, ஏமன், லிபியா, சூடான், தெற்கு சூடான், ஆப்கானிஸ்தான் ஆகியவை அந்த 18. சென்னையில் இருக்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் (பி.ஓ.இ. ஆபீஸ் என்றால்தான் பலருக்குத் தெரியும்) இந்த அனுமதியைத் தருகிறது. விண்ணப்பம் இ-மைகிரேட் வழியாகப் போகும்.

அனுமதிக்கு வேலை விசா வேண்டும், சம்பளம் எழுதிய ஒப்பந்தம் வேண்டும், பிரவாசி பாரதிய பீமா காப்பீடு வேண்டும். காப்பீட்டுப் பிரீமியம் 2 ஆண்டுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடமானாலோ 10 லட்சம் கிடைக்கும். ஏஜென்ட் டூரிஸ்ட் விசா வழியைக் காட்டுவது இந்த மூன்றும் இல்லாமல் ஆளை அனுப்பத்தான். ஒப்பந்தம் எங்கேயும் பதிவாகாது. சம்பளம் இவ்வளவு என்று வாயால் சொல்லிவிட்டு அங்கே பாதியைக் கொடுத்தாலும், தூதரகத்தில் காட்ட உங்கள் தம்பியிடம் ஒரு காகிதமும் இருக்காது. விசா நாள் முடிந்தால் அபராதம் ஏறும். அதற்கும் முன்னால் மீனம்பாக்கத்திலேயே குடியேற்ற அதிகாரி ஓட்டல் புக்கிங், திரும்பும் டிக்கெட், கையில் எவ்வளவு பணம் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினால் டிக்கெட் காசும் போச்சு.

பத்தாவது தேறியும் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்றே இருக்கிறதா? சான்றிதழை வைத்து மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து மாற்றிக்கொள்ளலாம். பலர் அலட்சியமாக விட்டுவிட்டு, விசா வந்த பிறகு ஓடுகிறார்கள்.

(ஓமன் நாணயம் ரியால். ஏஜென்ட் எந்த நாட்டுக் காசில் சம்பளம் சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள். நாட்டையும் நாணயத்தையும் மாற்றிச் சொல்கிறவர் அந்த கம்பெனியின் டிமாண்ட் லெட்டரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்.)

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 80,000 சம்பளம், டிக்கெட் இலவசம் என்று டெலிகிராமில் இன்டர்வியூ எடுத்தார்கள். காசு எதுவும் கேட்கவில்லை. என்ன ஆபத்து?
– பெயர் வேண்டாம், தாம்பரம்

காசு கேட்காததுதான் ஆபத்து. உங்களை அனுப்பிவைப்பதற்கு அந்தப் பக்கத்திலிருந்து அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று வருகிறது. பாங்காக்கில் இறக்கி, காரில் பல மணி நேரம் வடமேற்கே மே சோட் என்ற எல்லை ஊருக்குக் கொண்டுபோய், மோய் ஆற்றைத் தாண்டி மியான்மரின் மியாவடிக்குள் தள்ளுவது இந்தக் கும்பல்களின் வழக்கமான பாதை. உள்ளே போனதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு ஆன்லைன் மோசடிக்கு ஆள் பிடிக்கச் சொல்வார்கள். கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே கதை. வெளியுறவு அமைச்சகம் 2022 முதல் எச்சரித்து வருகிறது. தமிழ்நாட்டு இளைஞர்களும் மாட்டி மீட்கப்பட்டிருக்கிறார்கள்.

நீங்கள் பட்டதாரி. உங்கள் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகையில் வராது, அதனால் குடிபெயர்வு அனுமதி என்ற தடுப்பு உங்களுக்குக் கிடையாது. சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை இது. இப்படிப்பட்டவர்களும் முன்கூட்டிப் பதிவு செய்வது 2019 ஜனவரி 1 முதல் கட்டாயம் என்று அறிவித்தார்கள், பிறகு நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஆனால் ஆள் எடுப்பவருக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற விதி, நீங்கள் பட்டதாரி என்பதால் தளர்வதில்லை. விளம்பரம் கொடுப்பதும் கடிதப் போக்குவரத்து நடத்துவதும்கூட சட்டத்தில் ‘ஆள் எடுப்பு’ என்ற விளக்கத்துக்குள் வருகின்றன. டெலிகிராம் ஆளிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். பெரும்பாலும் அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

கேள்வி: கிண்டியில் ஒரு பிளேஸ்மென்ட் ஆபீஸ். பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய், வேலை கிடைத்ததும் 15 நாள் சம்பளம் என்கிறார்கள். ‘கவர்ன்மென்ட் ரிஜிஸ்டர்டு’ என்று போர்டு தொங்குகிறது. டிகிரி சர்ட்டிஃபிகேட் ஒரிஜினலையும் கேட்கிறார்கள்.
– வி.எம்., கொளத்தூர்

அந்தப் போர்டில் ‘ரிஜிஸ்டர்டு’ என்பதற்குக் கீழே சிறிய எழுத்தில் என்ன எண் இருக்கிறது என்று கிட்டப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். சிறுதொழில்களுக்கான உத்யம் எண், ஜி.எஸ்.டி. எண், கடைகள் நிறுவனங்கள் சட்டப் பதிவு, இல்லாவிட்டால் ஐ.எஸ்.ஓ. 9001 முத்திரை. உத்யம் பதிவு ஆதாரை வைத்து வீட்டிலிருந்தே இலவசமாக எடுத்துவிடலாம். ஜி.எஸ்.டி. வரி கட்டுவதற்கு. ஐ.எஸ்.ஓ. அரசு கொடுப்பதே இல்லை. வேலை வாங்கித் தரும் தகுதியை யாரோ சோதித்துப் பார்த்து அனுமதித்தார்கள் என்று இந்த நான்கில் எதுவும் சொல்லாது. பாத்திரக் கடைக்கும் இதே பதிவுகள்தான்.

உள்நாட்டு வேலைக்கான தனியார் ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்தத் தனியாக ஒரு மத்தியச் சட்டம் நம் நாட்டில் இல்லை. தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் கொண்டுவந்த 181-ஆம் எண் உடன்படிக்கை, வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொதுவிதியாக வைத்திருக்கிறது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. சத்தீஸ்கர் 2013-இலும் ஜார்க்கண்ட் 2016-இலும் சட்டம் போட்டன, டெல்லி 2014-இல் ஆணை போட்டது. மூன்றுக்கும் காரணம் வீட்டு வேலைக்கென்று கிராமத்துப் பெண்களைக் கொண்டுபோய் விற்ற ஏஜென்சிகள். உங்களைப் போன்ற பட்டதாரிகளின் 2,500 ரூபாய் யார் கண்ணிலும் படவில்லை.

ஆகவே உங்களுக்குக் காவல், கையில் இருக்கும் காகிதம். முதலில் தொழிலின் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒழுங்காக நடக்கும் கன்சல்டன்சிக்குக் காசு தருவது ஆள் எடுக்கும் கம்பெனி. ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் என்பது நெடுநாளாக இருக்கும் கணக்கு. உங்களிடமும் வாங்கி கம்பெனியிடமும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனியே இல்லாமல் உங்களிடம் மட்டும் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். 2,500 ரூபாய் வீதம் தினம் பத்துப் பேர் வந்தால் ஒரு மாதத்துக்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். யாருக்கும் வேலை வாங்கித் தராமலே கடை நடக்கும்.

அப்படியும் கட்டத்தான் போகிறேன் என்றால் நான்கு வரி எழுதி வாங்குங்கள். எத்தனை நாளுக்குள் எத்தனை நேர்முகத் தேர்வு, எந்தெந்த கம்பெனி. நடக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள். 15 நாள் சம்பளம் என்பது கைக்கு வரும் சம்பளத்திலா, மொத்தச் சம்பளத்திலா. சேர்ந்த ஒரு மாதத்துக்குள் கம்பெனியே அனுப்பிவிட்டால் அந்தப் பணம் என்னாகும். ரசீதின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்; ‘நாட் ரீஃபண்டபிள்’ என்பதை அங்கேதான் அச்சடித்திருப்பார்கள்.

சர்ட்டிஃபிகேட் ஒரிஜினலை ஒருபோதும் கொடுக்காதீர்கள். சரிபார்க்க வேண்டும் என்றால் எதிரே உட்கார்ந்து காட்டிவிட்டு எடுத்து வாருங்கள். ஜெராக்ஸில் குறுக்கே ‘இன்ன கம்பெனி நேர்முகத் தேர்வுக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கொடுத்தால், அதை வைத்து உங்கள் பெயரில் கடன் வாங்கும் வேலை நடக்காது.

ஏமாந்துவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த கட்டணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 2,500 ரூபாய்க்கு யார் அலைவது என்று எல்லோரும் விட்டுவிடுவதை நம்பித்தான் கட்டணத்தையே அந்த அளவில் வைக்கிறார்கள்.

மெட்ரோ, ஏர்போர்ட், துறைமுகம் என்று நிரந்தர வேலைக்குப் பணம் கேட்டால் யோசிக்கவே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். காசில்லாமல் தேட மாநில அரசின் தனியார் துறை வேலை இணையம் இருக்கிறது, மத்திய அரசின் தேசிய தொழில்நெறிச் சேவைத் தளம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் அதே கிண்டியில் ஒருங்கிணைந்த வேலைவாய்ப்பு அலுவலக வளாகமும் இருக்கிறது.

கேள்வி: ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டர் மூலம் வேலை. சம்பளச் சீட்டில் பி.எஃப். என்று 2,880 ரூபாய் பிடிக்கிறார்கள். பாஸ்புக்கில் எட்டு மாதமாக ஒன்றும் ஏறவில்லை.
– டி.பி., பூந்தமல்லி

நீங்கள் அனுப்பிய சீட்டில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000, மொத்தம் 18,000. 12,000-க்கு 12 சதவீதம் 1,440 ரூபாய். அதுதான் உங்கள் பங்கு. முதலாளி பங்கும் 1,440. இரண்டையும் கூட்டினால் 2,880. கான்ட்ராக்டர் தன் பங்கையும் உங்கள் சம்பளத்திலிருந்து எடுக்கிறார், அதையும் கட்டவில்லை. முதலாளி பங்கைத் தொழிலாளியின் கூலியில் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. இ.எஸ்.ஐ.-யையும் இதேபோல் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கு அது உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், 18,000-க்கு 135 ரூபாய். மீதி 3.25 சதவீதம், 585 ரூபாய், அவர் தர வேண்டியது.

ஒவ்வொரு மாதப் பி.எஃப்.-உம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். ஆனால் புகார் எழுதும் முன் ஒன்றைச் சோதியுங்கள். கான்ட்ராக்டர் மாறும்போதோ, அதே ஆள் கம்பெனி பெயரை மாற்றும்போதோ உங்களுக்குப் புதிதாக ஒரு யு.ஏ.என். எண் (பி.எஃப்.-இல் உங்களுக்கான அடையாள எண்) போட்டிருப்பார்கள். ஆதாரில் பெயர் ஒரு மாதிரியும் இங்கே இனிஷியலோடு வேறு மாதிரியும் இருந்தால் இது அடிக்கடி நடக்கும். பழைய எண்ணில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க, பணம் புதிய எண்ணில் ஏறியிருக்கலாம். சீட்டில் அச்சாகியிருக்கும் யு.ஏ.என். எது என்று பாருங்கள். அதிலும் இல்லை என்றால் வருங்கால வைப்புநிதி நிறுவனத்தின் இணையக் குறைதீர் தளத்தில் எட்டு மாதச் சீட்டுகளோடு புகார் பதியுங்கள்.

கூடவே தொழிற்சாலையின் எச்.ஆர்.-க்கும் எழுத்தில் ஒரு கடிதம். இதுதான் வேகமாக வேலை செய்யும். கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் தர வேண்டிய பொறுப்பு முதன்மை முதலாளிக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, வருகிறது, பி.எஃப். பாக்கியும் அப்படியே. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னதும் இதுதான், 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டம் சொல்வதும் இதுதான். மாறியது லைசென்ஸ் வரம்பு: பழைய மத்தியச் சட்டத்தில் 20 தொழிலாளர், புதியதில் 50. 30, 40 பேரை வைத்து ஓட்டும் சிறிய கான்ட்ராக்டர்கள் இதில் நழுவிவிடுகிறார்கள். இது சரியான மாற்றம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

கேள்வி: செக்யூரிட்டி ஏஜென்சியில் யூனிஃபார்ம் டெபாசிட் 3,000 கேட்கிறார்கள். நாளைக்கே டியூட்டி என்கிறார்கள்.
– எம்.ஏ., ஆவடி

நாளைக்கே டியூட்டி என்பதில்தான் தவறு. தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலக் கட்டுப்பாட்டு அதிகாரியின் லைசென்ஸ் வேண்டும். காவலாளிக்குக் குறைந்தது 160 மணி நேரப் பயிற்சி: வகுப்பில் 100, களத்தில் 60, 20 வேலை நாட்களுக்குப் பரவலாக. முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் மட்டும் இது குறையும். வயது 18 முதல் 65. போட்டோவுடன் அடையாள அட்டை ஏஜென்சி தர வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். டெபாசிட்டுக்குத் தனி ரசீது, விலகும்போது எத்தனை நாளில் திரும்பும் என்ற வரியோடு. தர மறுத்தால் வேறு ஏஜென்சி பாருங்கள். சென்னையில் காவலாளிக்கு ஆள் பஞ்சம்தான்.

கேள்வி: என் தங்கைக்கு 27 வயது, எட்டாவது படித்தவள். குவைத்தில் வீட்டு வேலை என்கிறார்கள்.
– ரா.செ., எண்ணூர்

இ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்கள் அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பிய பிறகும் தனியார் ஏஜென்ட் அனுப்ப முடியாது. அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே. தமிழ்நாட்டில் அது 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், கிண்டி ஆலந்தூர் சாலையில் இருக்கிறது. வயதைத் திருத்தி வேறு பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், நாளைக்குக் குற்றவாளியாக நிற்கப் போவது உங்கள் தங்கை.

கேள்வி: வெளிநாட்டு வேலைக்கு 2 லட்சம் கொடுத்து ஓராண்டு ஆகிறது. ஆளும் இல்லை, ஆபீஸும் பூட்டு. எங்கே போவது?
– கே.என்., ராயபுரம்

பணம் ஆன்லைனில் போய் சில மணி நேரமே ஆகியிருந்தால் முதல் வேலை சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன். ஓராண்டு ஆன நிலையில் அது உதவாது.

தேதி வாரியாக ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். என்றைக்கு, எவ்வளவு, யார் கணக்குக்கு, எந்த வேலைக்கு என்று சொல்லி. வங்கி அறிக்கை, வாட்ஸ்அப் உரையாடல் (தேதியும் போன் நம்பரும் தெரியும்படி), விசிட்டிங் கார்டு, அந்தப் பூட்டிய ஆபீஸின் போர்டு போட்டோ, ஆஃபர் லெட்டர் நகல். அவர்கள் கொடுத்த விசா போலி என்றால் அதுவும். அசல்களைக் கொடுக்காதீர்கள்; நகல் கொடுத்து அசலைக் காட்டுங்கள்.

சென்னையில் இது வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய மனு. மத்தியக் குற்றப் பிரிவில் வேலைவாய்ப்பு மோசடிக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. உள்ளூர் காவல் நிலையத்தில் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்தது என்று போலீஸ் தரும் ஒப்புகை) வாங்காமல் வராதீர்கள். மனுவில் இரண்டு சட்டத்தைக் குறிப்பிடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா 318(4), ஏமாற்றுதல், 7 ஆண்டு வரை சிறை. குடிபெயர்வுச் சட்டம் 10, 24 பிரிவுகள், லைசென்ஸ் இல்லாமல் ஆள் எடுத்தது, 2 ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும். (1983-இல் வைத்த அபராதம் இது. இன்றைக்கு நான்கு பேர் ஓட்டலில் பிரியாணி சாப்பிட்டால் ஆகும் செலவு.) குடிபெயர்வுச் சட்டத்தில் வழக்குத் தொடர மத்திய அரசின் முன்னனுமதி வேண்டும் என்று போலீஸ் தயங்குவதுண்டு. 27-வது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. பாதிக்கப்பட்டவரோ அவருடைய தாய், தந்தை, கணவன், மனைவி, மகன், மகள், உடன்பிறந்தவர், காப்பாளரோ புகார் கொடுத்தால் அனுமதி தேவையில்லை. அந்தப் பிரிவின் நகலை மனுவோடு வைத்துவிடுங்கள்.

ஏஜென்ட் லைசென்ஸ் உள்ளவர் என்றால் இ-மைகிரேட் தளத்திலும் பி.ஓ.இ. அலுவலகத்திலும் தனியாகப் புகார். லைசென்ஸ் போய்விடும் என்ற பயம் அவருக்கு போலீஸ் பயத்தைவிடப் பெரியது. பணம் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான். ஆலோசனைக்கு, வெளியுறவு அமைச்சகத்தின் உதவி மையமான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவின் 1800 11 3090 இலவச எண்.

இரண்டு இடத்தில் இந்த வழக்குகள் படுத்துவிடுகின்றன. ஒன்று, ஏஜென்ட் சமாதானம் பேசி 20 ரூபாய் பத்திரத்தில் ‘கைமாற்றாக வாங்கிய 2 லட்சம்’ என்று எழுதித் தருவார். அதில் கையெழுத்துப் போட்டால் வேலை மோசடி, கடன் பாக்கியாகிவிடும்; ‘சிவில் கோர்ட்டுக்குப் போங்க’ என்று திருப்பி அனுப்புவார்கள். ‘இன்ன வேலைக்காக வாங்கிய தொகை’ என்று எழுதாத பத்திரத்தைத் தொடாதீர்கள். இன்னொன்று, செக். தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பியது தெரிந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் வழக்கு. ‘இன்னும் ஒரு வாரம் பொறுங்க’ என்பதெல்லாம் இந்தக் கெடுவைத் தாண்டவைக்கத்தான்.

கேள்வி: வளைகுடாவில் 14 ஆண்டு இருந்தேன், தொடர்புகள் உண்டு. ஏஜென்சி தொடங்க என்ன வேண்டும்?
– அ.ம., திருவல்லிக்கேணி

வங்கி உத்தரவாதம் 50 லட்சம். 100 பேர் வரை மட்டும் அனுப்பும் சிறிய ஏஜென்ட் என்றால் 8 லட்சம். விண்ணப்பம் இ-மைகிரேட் வழியாக. போலீஸ் சரிபார்ப்பும் அலுவலகச் சோதனையும் உண்டு, சான்றிதழ் 5 ஆண்டுக்கு. சான்றிதழ் கைக்கு வரும் வரை ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம்கூடப் போடாதீர்கள். முன்பு சொன்னபடி விளம்பரமே ஆள் எடுப்புதான். ‘இப்போதைக்கு நண்பர் லைசென்ஸில் ஓட்டிக்கொள்கிறேன்’ என்று தொடங்கினால், முதல் கேள்வியில் பெரம்பூர் வாசகரிடம் பேசிய அந்த சப்-ஏஜென்ட் நீங்கள்தான்.